பின்னறையில் ஒரு ஆள்

ஹெல்விக் கவுண்டியின் ஷெரீஃப் வீட்டுக்கு ஆரின் சோல்பெர்க்கும் அவன் மனைவி லெனோராவும் ஜனவரி மாதத்தில் ஒரு காலையில் குடிவந்தார்கள். அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் வீடு மாறுவதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஆனால் போலீஸையும் சிறையையும் பார்த்துக்கொள்கிற ஷெரீஃபாகத் தேர்தலில் ஜெயித்தவன் பதவியேற்கிற மாதமும் அதுதான், என்ன செய்வது.

பழைய செங்கல் வீடு. முன்பாதியில் ஷெரீஃபின் குடும்பம், பின்பாதியில் கைதிகள், நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர் சமையலறையில் இருந்தது. அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் திறந்து தட்டை வைத்தால் அந்தப் பக்கம் சிறை நடைபாதையில் போய் நிற்கும். கைதிகளின் சாப்பாடு போகிற வழி அது.

அந்த ஊரில் புருஷன் ஷெரீஃப் தேர்தலில் ஜெயித்தால் பெண்டாட்டிக்கும் வேலை வந்துவிடும், அவள் கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி. உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் மூன்று வேளையும் சமைத்துப் போடுவது அவள்தான். அதற்காக அவளையும் சிறைக் காப்பாளராகச் சேர்த்துப் பிரமாணம் செய்ய வைப்பார்கள். அன்று காலை நீதிபதி ஆரினிடம் பிரமாணம் வாங்கி முடித்த கையோடு, நீயும் கையைத் தூக்கும்மா என்றார். லெனோரா அப்போது பாத்திரப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கையில் தோசைத்திருப்பி மாதிரி ஒரு கரண்டி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சமையல்காரியின் பிரமாணத்தை அந்த ஊரில் யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்?

அதன் பிறகு சிறையைக் கைமாற்றும் சடங்கு. பழைய ஷெரீஃப் எங்கென் சாவிக்கொத்தோடு முன்னால் நடக்க, ஆரின் பின்னால் போனான். லெனோரா சமையலறையின் இரும்புக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கெனின் மனைவி ஆக்டா, கழுத்தில் சால்வையைச் சுற்றியபடி நின்றாள்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு பேச்சு. காலி என்று பழையவர் சொல்வார், காலி என்று புதியவன் சொல்ல வேண்டும். உள்ளே ஆள் இருந்தால், "ஒரு ஆள்" என்பார் பழையவர். "என் காவல்" என்று புதியவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்று உள்ளே இருந்தது ஒரே ஒருவன்தான். குடித்துவிட்டுக் கோழிக்கடைக் கண்ணாடியை உடைத்த கிழவன் ரிண்டால். அவனை ஆரின் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். ரிண்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சலாம் போட்டான்.

நடையின் கோடியில் நாலைந்து படி இறங்கினால் கரிக்கிடங்கை ஒட்டி இன்னொரு அறை. பின்னறை என்பார்கள். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவின் அடியில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு துளை மட்டும்தான்.

"ஒரு ஆள்" என்றார் எங்கென்.

ஆரின் டார்ச் அடித்துப் பார்த்தான். வெறும் கட்டில், வெறும் தரை.

"யாருமே இல்லையே, எங்கென்."

"வழக்கம். சொல்லிடு."

"இல்லாதவனை நான் எப்படிக் காவல் காக்கறது? தோத்த கடுப்புல என்னை வச்சு விளையாடறீங்களா?"

எங்கென் கோபப்படவில்லை. ஆரினின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார். "ஆரின், ஒரே ஒரு வார்த்தை. எனக்காகச் சொல்லு."

புது வழிமுறை, புது ஷெரீஃப் என்று வீடு வீடாகச் சொல்லி ஓட்டு வாங்கியவன் ஆரின். நல்லவன்தான், ஆனால் பிடித்த பிடியை விடாதவன். "காலி" என்றான்.

எங்கென் சாவிக்கொத்தை அவன் கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்தக் குளிரில் தொப்பியைக்கூட எடுக்கவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பிய ஆக்டா, வாசற்படியில் லெனோராவின் காதருகே குனிந்தாள்.

"தெனமும் ஒரு தட்டு கூடப் போடு. பின்னறைக்கு. உன் வீட்டுக்காரர்கிட்ட கேக்காத."

லெனோரா போட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சமையல் கைமாறும்போது பழையவள் சொன்னதைக் கேட்டுக்கொள்வது மரியாதை என்று மட்டும் தோன்றியது. பீன்ஸும் பன்றிக்கறியும் வைத்த தட்டைப் பின்னறைத் துளைக்குள் தள்ளிவிட்டு வருவாள். காலையில் தட்டு துளைக்கு வெளியே இருக்கும், துடைத்து வைத்ததுபோல. எலி என்று நினைத்துக்கொண்டாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கிற எலி உண்டா என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் ஆரின் பார்த்துவிட்டான். எங்கென் வீட்டுப் பைத்தியம் உனக்கும் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டான். திட்டவில்லை, கேலிதான் செய்தான். ஆனால் புது ஷெரீஃப் வீட்டில் பேய்க்குப் படையல் நடக்கிறது என்று ஊருக்குள் பேச்சு வந்தால் தன் மானம் என்ன ஆகும் என்றும் கேட்டான். அது நியாயமாகத்தான் இருந்தது. அன்றோடு நிறுத்தினாள்.

அதற்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தகரத் தட்டை யாரோ கல் தரையில் இழுப்பதுபோல ஒரு உரசல். சமைக்கிற நேரம் பார்த்து வரும். அடுப்பில் வெங்காயம் வதங்குகிற வாசனைக்கு நடுவே ஈரக் கம்பளியும் கரித்தூளும் கலந்த ஒரு வாடை சுவரைத் தாண்டி வரும். தாழ்ப்பாள் போட்டிருந்த இரும்புக் கதவு, அவள் திரும்பிப் பார்க்கும்போது விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும்.

உரசல் ஒவ்வொரு நாளும் சமையலறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

பனிப்புயல் வந்த அன்று மத்தியானம், வடக்குச் சாலையில் போன தபால்காரர் திரும்பவில்லை என்று தகவல் வந்தது. ஆரின் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன், காபியைச் சூடா வை என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தெருமுனையே காணாமல் போயிற்று. வெள்ளையும் காற்றும் தவிர ஜன்னலில் வேறொன்றும் இல்லை.

வீட்டில் லெனோராவும், மறுபடி குடித்து மறுபடி உள்ளே வந்திருந்த ரிண்டாலும் மட்டும். அவனுக்குக் காபி கொடுக்கிற சாக்கில் அவள் சிறை நடைக்கே போனாள். தனியாகச் சமையலறையில் நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

நடைச் சுவரில் ஷெரீஃப்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மீசைகளும் தொப்பிகளும். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு பெயர். ரிண்டால் கம்பிக்குப் பின்னால் இருந்தபடியே ஒவ்வொருவரைப் பற்றியும் கதை அளந்தான். பாதிப் பேரின் சிறையில் அவனே இருந்திருக்கிறான். மீதிப் பேரின் சிறையில் அவன் அப்பா.

"பின்னறையில யாரு, ரிண்டால்?"

கிழவன் கோப்பையைக் கீழே வைத்தான். "தட்டு போட ஆரம்பிச்சு நிறுத்திட்டீங்க இல்ல, ஷெரீஃப்பம்மா? எனக்குக் கேட்டுச்சு. தெனம் சாப்புடற சத்தம் வரும். இப்ப தேடற சத்தம் வருது."

பிறகு அவன் சொன்னான். சுவரில் முதல் படத்தில் இருப்பவர் தேர்தலில் தோற்ற ஆத்திரத்தில் சாவியை நீதிமன்ற மேஜைமேல் எறிந்துவிட்டுத் தன் பண்ணைக்குப் போய்விட்டாராம். இரண்டாவது படத்தில் இருப்பவர் சிறை காலி என்று நினைத்துக்கொண்டு, புயல் ஓயட்டும் என்று வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். இடையில் பின்னறையில் ஒருவன் இருந்தான். குதிரை திருடியதாகச் சந்தேகத்தில் பிடிபட்ட வழிப்போக்கன். பெயர்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. புயல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது அவன் துளையோரம் குப்புறக் கிடந்தான். வெற்றுத் தட்டை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கியிருந்தான். விசாரணையில் இரண்டு ஷெரீஃப்களும் சொன்னது ஒரே வார்த்தை. என் காவலில் இல்லை.

"அந்த வார்த்தைதான் அவனுக்கு ஆகாது" என்றான் ரிண்டால். "அதனாலதான் இந்தக் கைமாத்தற சடங்கு வந்துச்சு. யாராவது ஒருத்தர் என் காவல்னு சொல்லணும். சொன்னா சாதுவா இருப்பான். ஒரு தட்டு சாப்பாடு, அவ்வளவுதான் கேப்பான்."

"சொல்லலைன்னா?"

ரிண்டால் ஐந்தாவது படத்தைக் காட்டினான். ப்ரெக் என்று பெயர் எழுதியிருந்தது. சின்ன வயசு, சிரித்த முகம்.

அவரும் காலி என்று சொன்னவர்தான். ஒரு பனிநாளில் வெளியே போனார், திரும்பவில்லை. அன்று சாயங்காலம் அவர் மனைவிக்குப் பின்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது. கதவைத் திற என்று. கதவு பூட்டியிருக்கிறது, சாவி தன் சமையலறை ஆணியில் தொங்குகிறது, உள்ளே எப்படி அவர் இருக்க முடியும் என்று அவள் பயந்துபோய் முன்வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஊர்க்காரர்கள் வந்து திறந்தார்கள்.

"இருந்தாரு" என்றான் ரிண்டால். "வெறச்சுப்போய். அதே துளைகிட்ட."

அப்போது டெலிபோன் அடித்தது. லெனோரா ஓடினாள். எக்ஸ்சேஞ்சிலிருந்து மர்ட்டில் பேசினாள். தபால்காரர் ஒரு பண்ணைவீட்டில் பத்திரமாக இருக்கிறார், ஆரின் அங்கே வந்து பார்த்துவிட்டு அப்போதே கிளம்பிவிட்டானாம். இன்னுமா வரல, என்று கேட்டாள் மர்ட்டில். லெனோரா பதில் சொல்வதற்குள் லைன் செத்துப்போயிற்று.

வெளியே வெளிச்சம் நீலமாகிக் கருக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் காபி சூடாக இருந்தது. ஆரின் இல்லை.

அவள் அடுப்போரம் நின்று இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். சமையலறைச் சுவரின் இரும்புக் கதவு மெல்லத் திறந்தது. கரி வாடை.

பிறகு குரல்.

"லெனோரா."

தூரத்திலிருந்து வந்தது. படிக்குக் கீழே இருந்து.

"லெனோரா, குளுருதும்மா. திற."

ஆரின்தான். காலையில் பூட்ஸைத் தேடும்போது கூப்பிடுகிற அதே குரல்.

ஆணியில் சாவிக்கொத்து தொங்கியது. அதை எடுத்தாள். சிறை நடைக்குள் வந்தபோது ரிண்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கிழவனின் முகத்தில் போதையின் சுவடே இல்லை.

"திறக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல, ஷெரீஃப்பம்மா." என்றான் கிழவன். "திறக்காததுனால ப்ரெக் செத்தாரு. திறந்தா வெளிய வர்றது யாருன்னு எனக்குத் தெரியல."

படிகளில் விளக்கு இல்லை. டார்ச்சை ஆரின் எடுத்துப் போயிருந்தான். சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் குளிர் ஏறியது. கதவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே மூச்சுச் சத்தம்.

"ஆரின்?"

"திற."

"கையை நீட்டு."

தட்டுத் துளை வழியாக ஒரு கை வந்தது. இருட்டில் அது தெரியவில்லை, தொட்டுத்தான் பார்த்தாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல இருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அறுவடை இயந்திரத்தில் மாட்டி வளைந்த விரல். அவளுக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும்.

அவளுக்கு அழுகை வந்தது. சாவியைத் துவாரத்தில் வைத்தாள்.

அப்போது இன்னொரு கை வந்தது.

முதல் கைக்கு மேலே, அவள் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. மெலிந்த கை, நீண்ட நகம். அது இறுக்கிப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. பிச்சை கேட்டு வந்தவன் கையைப் போல விரிந்து கிடந்தது.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஓடியிருப்பாள். ஓடினால் நாளைக் காலை ஊர்க்காரர்கள் வந்து யாரை எடுப்பார்கள் என்று தெரிந்ததால்தான் ஓடவில்லை. ஆரின் சொல்ல மறுத்த வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது. ஆரின் சொல்லும் நிலையில் இல்லை. சொல்ல உரிமையுள்ளவர்கள் அந்த வீட்டில் வேறு யார்?

கரண்டியோடு தூக்கிய கை அவள் நினைவுக்கு வந்தது. எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. சிரித்தாலும் பிரமாணம் பிரமாணம்தானே.

"ஒரு ஆள்" என்றாள் லெனோரா. பழையவர் சொல்ல வேண்டியதையும் அவளே சொன்னாள்.

உள்ளே மூச்சு நின்றது.

"என் காவல்."

மெலிந்த கை அவள் மணிக்கட்டிலிருந்து விலகிக்கொண்டது. மெதுவாக, மரியாதையாக. அதே அறையின் மூலையில் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ போய் உட்கார்ந்ததுபோல.

அவள் கதவைத் திறந்தாள். ஆரின் துளையோரம் கிடந்தான். தடவிப் பார்த்தாள். கோட்டில் பனி உருகாமல் ஒட்டியிருந்தது, கண் மூடியிருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. அவன் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். கட்டில் இருந்த மூலைப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"நீ இரு" என்றாள், இருட்டைப் பார்த்து. "உனக்குச் சாப்பாடு வரும்."

அவர்கள் வெளியே வந்ததும் கதவு உள்ளிருந்து தானே சாத்திக்கொண்டது. அவள் பூட்டினாள். அன்று ராத்திரி ஆரினைப் போர்வைக்குள் சுருட்டி அடுப்பருகே போட்டுவிட்டு, முதல் வேலையாகப் பீன்ஸும் கறியும் ஒரு தட்டு நிறைய வைத்துப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். கறியை நல்ல துண்டாகப் பார்த்துத்தான் வைத்தாள்.

ஆரின் பிழைத்தான். காலில் இரண்டு விரல் போனது. சாலையில் பனிக்குள் நடந்ததும், முன்னால் ஒருவன் நடந்துபோனதும், அவன் முகத்தைத் திருப்பாமலே வா வா என்று கையசைத்ததும் மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. அவனுடைய வண்டியைப் பனி கரைந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள், ஊருக்கு வெகுதூரத்தில் வடக்குப் பள்ளத்தில். அங்கிருந்து பூட்டிய அறைக்குள் அவன் எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஹெல்விக்காரர்கள் சில கேள்விகளைக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு ஆரின் பின்னறையைப் பற்றி ஒரு கேலி பேசியதில்லை. தட்டு தவறாமல் போயிற்று, தவறாமல் காலியாக வந்தது. உரசல் சத்தமும் நின்றது. பதவிக்காலம் முடிந்ததும் அவன் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டிய ஒரு மரவீட்டை வாங்கினார்கள்.

கைமாற்றும் நாள் வந்தது. ஆரின் புது ஷெரீஃபோடு அறை அறையாக நடந்தான். பின்னறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஒரு ஆள்" என்றான். புதியவன் கதை கேள்விப்பட்டிருந்தான் போலும். மறுபேச்சில்லாமல் "என் காவல்" என்றான். ஆரினுக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்ததாம்.

லெனோரா அந்நேரம் வாசலில் பாத்திரப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அந்தச் சடங்குக்குக் கூப்பிடவில்லை. சமையல்காரியை எதற்குக் கூப்பிடுவார்கள்?

அன்று சாயங்காலம் புது வீட்டில் முதல் சாப்பாடு. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததில்லை, யாரும் செத்ததில்லை. லெனோரா இரண்டு தட்டு வைத்தாள். சிறை வீட்டுக்குப் போன பிறகு முதல் தடவையாக இரண்டே தட்டு. ஆரின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சந்தோஷமாகப் பேசினான்.

"முடிஞ்சுது, லெனோரா. அவனைக் கையில ஒப்படைச்சாச்சு. இனிமே அவங்க பாடு."

அவள் சிரித்தாள். கரண்டியை எடுத்தாள்.

பிறகு அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரின், ஒப்படைச்சது நீதானே?"

"ஆமா. பின்ன?"

"ஏத்துக்கிட்டது நான்."

ஆரின் மெல்லுவதை நிறுத்தினான். அவள் பின்னால் இருந்த புதுச் சுவரில் கதவும் இல்லை, துளையும் இல்லை. அதன் அந்தப் பக்கம் வெட்டவெளி, பனி. அங்கிருந்துதான் வந்தது. தகரத் தட்டைக் கல்லில் இழுப்பதுபோல ஒரு உரசல். பொறுமையாக, பசியோடு, நெருங்கி வந்து சுவரோரம் நின்றது.

ஈரக் கம்பளி வாடை.

லெனோரா எழுந்தாள். இன்னும் பிரிக்காத பெட்டியைத் திறந்து மூன்றாவது தட்டை எடுத்தாள். கறியை நல்ல துண்டாகப் பார்த்து வைத்து, சுவரோரம் தரையில் தட்டையும் ஒரு கரண்டியையும் வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று ஆரின் கேட்கவில்லை.

அவளுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும், தன் கையிலிருந்த கரண்டியை அவன் மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டான்.